நீசேயா முதல் வத்திக்கான் வரை: பொதுச்சங்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிலில் நீளமான விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது பெரும்பாலோர் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அதில் பாதி வரிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அந்தச் சண்டைகள் நடந்த இடம்தான் பொதுச்சங்கங்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ.காரர், பெந்தெகொஸ்தேகாரர், கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என்னுடைய பதில்களையும் இங்கே தருகிறேன்.

பொதுச்சங்கம் என்றால் என்ன?

திருச்சபை முழுவதற்குமான ஒரு பிரச்சினையைத் தீர்க்க, பல நாட்டு ஆயர்கள் (சி.எஸ்.ஐ. வழக்கில் பேராயர்கள்) ஒன்றாகக் கூடி முடிவெடுக்கும் கூட்டம். ஒரு நாட்டுக்கோ வட்டாரத்துக்கோ மட்டும் கூடினால் அது வட்டாரச் சங்கம். 1599-இல் கோவா பேராயர் மெனேசஸ் கேரளத்து உதயம்பேரூரில் கூட்டியது அந்த வகை.

'உலகம் முழுவதும்' என்று சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 325-இல் நீசேயாவுக்கு மேற்கிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) கூடியபோது மேற்கத்திய ஆயர் ஒருவர்கூட இல்லை, ஆனாலும் அது இரண்டாவது பொதுச்சங்கம். அப்படியானால் எதை வைத்து ஒரு கூட்டம் பொதுச்சங்கம் ஆகிறது? எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்து அல்ல, பிற்பாடு திருச்சபைகள் அதை ஏற்றுக்கொண்டனவா என்பதை வைத்துத்தான் என்பது என் வாதம். கீழே வரும் பதில்களிலெல்லாம் இது தலைகாட்டும்.

பைபிளில் இதற்கு ஆதாரம் இருக்கிறதா?

அப்போஸ்தலர் பணி 15-ஆம் அதிகாரம். ஏறக்குறைய கி.பி. 49 அல்லது 50. யூதரல்லாதவர்கள் கிறிஸ்தவர்களானால் விருத்தசேதனம் செய்யவேண்டுமா என்று பெரிய வாக்குவாதம். பேதுரு பேசுகிறார், பவுலும் பர்னபாவும் பேசுகிறார்கள், யாக்கோபு முடித்து வைக்கிறார், கடிதம் எழுதி ஆள் அனுப்புகிறார்கள். 'தூய ஆவியாரும் நாங்களும்' தீர்மானித்தோம் என்று அந்தக் கடிதத்தில் எழுதுகிற தைரியம்தான் பின்னால் வந்த எல்லாச் சங்கங்களுக்கும் முன்மாதிரி. ஆனால் அதைப் பொதுச்சங்கங்களின் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

நீசேயாவில் என்னதான் நடந்தது?

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்று ஒரு குரு. (நம் ஊர் ஆரியர் விவாதத்துக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) கடவுள் ஒருவரே, ஆகவே மகன் எவ்வளவு உயர்ந்தவரானாலும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்று இவர் போதித்தார். மாலுமிகளும் மாவு அரைப்பவர்களும் பாடுகிற மாதிரி இதைப் பாட்டாகக் கட்டிப் பரப்பினார் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார். அவருடைய ஆயர் அலெக்சாந்தர் அவரைச் சபையிலிருந்து நீக்க, ஆரியுஸ் வேறு ஆயர்களைத் துணைக்குச் சேர்க்க, கிழக்கு முழுவதும் இரண்டு கட்சியாகிவிட்டது.

அப்போதுதான் பேரரசு முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்திருந்த கான்ஸ்டன்டைனுக்கு இது தலைவலி. தன் அரசை ஒட்டவைக்கும் என்று அவர் நம்பிய மதமே இரண்டாகப் பிளக்கிறது. ஆயர்களை நீசேயாவுக்கு (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) வரவழைத்தார், பயணத்துக்கு அரசாங்க வண்டி குதிரைகளையே கொடுத்தார். 318 பேர் வந்தார்கள் என்பது மரபு. ஆபிரகாம் தன் வீட்டு ஆட்கள் 318 பேரோடு போருக்குப் போனதாக ஆதியாகமம் சொல்கிறது, அந்த எண்ணை இதற்கும் பொருத்திவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நேரில் இருந்த செசரியா ஆயர் யூசேபியுஸ் 250-க்கு மேல் என்கிறார், பின்னால் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் சுமார் 300 என்கிறார்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இருபது வருடத்துக்கு முன்னால், தியோக்ளேசியன் காலத்தில், இதே ரோமை அரசு கிறிஸ்தவர்களைச் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தது. வந்தவர்களில் அந்த வேதகலாபனையில் கண்ணைப் பறிகொடுத்தவரும் சூடுபோட்டுக் கை முடமானவரும் இருந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. அவர்கள் முன்னால் பேரரசரே வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் அரசரின் பேச்சுக்குத் தலையாட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் புரிகிறது, உயிரையே பணயம் வைத்தவர்கள் சும்மா தலையாட்டியிருப்பார்களா என்ற சந்தேகமும் வருகிறது.

முடிவு: மகன் தந்தையோடு ஒரே பொருளானவர், படைக்கப்பட்டவர் அல்லர். லிபியாவைச் சேர்ந்த தியோனாஸ், செக்குந்துஸ் என்ற இரண்டு ஆயர்கள் கையெழுத்துப் போட மறுத்து, ஆரியுஸோடு சேர்ந்து நாடுகடத்தப்பட்டார்கள். இது தவிர 20 ஒழுங்குமுறைச் சட்டங்களும் வந்தன. குருக்கள் வட்டிக்கு விடக்கூடாது, ஓர் ஆயர் ஊர் விட்டு ஊர் தாவக்கூடாது, புதிய ஆயரைத் திருநிலைப்படுத்தக் குறைந்தது மூன்று ஆயர்கள் வேண்டும். மூன்றாவது விதி இன்றும் பல சபைகளில் நடைமுறையில் இருக்கிறது. மற்ற இரண்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இயேசுவைக் கடவுள் ஆக்கியதே கான்ஸ்டன்டைன்தான், ஓட்டுப்போட்டுத்தான் தீர்மானித்தார்கள் என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் கேள்வி இது. இயேசுவைக் கடவுளாக வழிபடும் வழக்கம் நீசேயாவுக்கு இருநூறு வருடம் முந்தியது. கி.பி. 112 வாக்கில் ரோமை ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி 'கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதி' பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதியிருக்கிறார். ஆரியுஸ்கூட மகனை வணங்கியவர்தான். எந்த அர்த்தத்தில் அவர் கடவுள் என்பதில்தான் தகராறு.

அரசர் சொன்னதால்தான் இந்தக் கொள்கை நின்றது என்றால், பிறகு நடந்தது எதுவும் பொருந்தாது. கான்ஸ்டன்டைன் சில வருடங்களிலேயே மனம் மாறி ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். 337-இல் மரணப்படுக்கையில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் ஆரியுஸ் கட்சியைச் சேர்ந்த நிக்கோமேதியா யூசேபியுஸ். அவர் மகன் கான்ஸ்டான்டியுஸ் அந்தக் கட்சியையே ஆதரித்தார். நீசேயாவுக்காக நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். அரசு எதிர்த்தும் அந்த விசுவாசப் பிரமாணம் பிழைத்தது என்பதுதான் கதை.

பைபிளில் எந்தப் புத்தகம் இருக்கவேண்டும் என்று நீசேயாவில்தானே முடிவுசெய்தார்கள்?

இல்லை. நீசேயாவின் முடிவுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை அப்படியே வரிசைப்படுத்தியது அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய ஈஸ்டர் கடிதம். கத்தோலிக்கத் திருச்சபை விவிலியப் பட்டியலைக் கட்டாயமான கோட்பாடாக அறிவித்தது வெகு பின்னால், 1546-இல், ட்ரெண்ட் சங்கத்தில்.

325-இல் முடிவாகிவிட்டது என்றால் 381-இல் ஏன் மறுபடி கூடினார்கள்?

325-இல் எதுவும் முடியவில்லை. அடுத்த ஐம்பது வருடத்தில் சங்கத்துக்குமேல் சங்கம், ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. 359-இல் ரிமினியிலும் செலூக்கியாவிலும் கூடியவர்களின் எண்ணிக்கை நீசேயாவைவிட அதிகம். அரசர் நெருக்கியதில் 'ஒரே பொருளானவர்' என்ற நீசேயாவின் சொல்லையே கைவிட்டார்கள். உலகமே முனகி, தான் ஆரியுஸ் கட்சியாகிவிட்டதைப் பார்த்துத் திகைத்தது என்று பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதினார். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் நாம் இன்று ரிமினியின் பிரமாணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கவேண்டும்.

381 வாக்கில் கான்ஸ்டான்டினோபிள் எப்படி இருந்தது என்று நிசா என்ற ஊரின் ஆயர் கிரகோரி எழுதியிருப்பது எனக்குப் பிடித்த பகுதி. ரொட்டி என்ன விலை என்று கேட்டால் தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்கிறானாம் கடைக்காரன். குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால், மகன் ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவர் என்று பதில் வருகிறதாம். தேர்தல் நேரத்து டீக்கடை மாதிரி இறையியல் தெருவுக்கே வந்திருந்தது.

அந்த வருடம் பேரரசர் தியோதோசியுஸ் கூட்டிய சங்கம் நீசேயாவை உறுதிசெய்தது, தூய ஆவியார் தந்தையோடும் மகனோடும் சேர்த்து ஆராதிக்கப்படுகிறவர் என்று தெளிவுபடுத்தியது. நாம் இன்று 'நீசேயா' என்று சொல்லும் நீளமான பிரமாணம் உண்மையில் இந்தச் சங்கத்தின் பெயரில் வருவது. நடுவில் தலைமை வகித்த நசியான்சின் கிரகோரி (இவர் வேறு கிரகோரி) வெறுத்துப்போய்ப் பதவி விலகினார். ஆயர்கள் கூட்டத்தால் நன்மை விளைந்து நான் பார்த்ததே இல்லை, இனி ஒதுங்கியே இருப்பேன் என்று பிற்பாடு கடிதம் எழுதினார். நாம் இன்று புனிதர் என்று கொண்டாடும் இறையியலாளர் அவர்!

எபேசு சங்கம் மாதாவைப் பற்றியதா?

மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம், உள்ளே பார்த்தால் கிறிஸ்துவைப் பற்றியது. கான்ஸ்டான்டினோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ், மரியாவைக் கடவுளின் தாய் என்று சொல்லாதீர்கள், கிறிஸ்துவின் தாய் என்று சொல்லுங்கள் என்றார். அப்படியானால் பிறந்தவர் வேறு, கடவுள் வேறு என்று இரண்டு ஆட்களாகிவிடுமே என்று அலெக்சாந்திரியாவின் சிரில் பாய்ந்தார். 431-இல் எபேசுவில் கூடினார்கள். அந்தியோக்கியாவின் யோவானும் அவருடைய ஆயர்களும் வந்து சேர்வதற்குள்ளேயே சிரில் கூட்டத்தைத் தொடங்கி, ஒரே நாளில் நெஸ்தோரியுஸைப் பதவிநீக்கிவிட்டார். பிந்தி வந்தவர்கள் கோபத்தில் தனியாகக் கூடிச் சிரிலைப் பதவிநீக்கினார்கள். பேரரசர் இரண்டு பதவிநீக்கத்தையும் முதலில் ஏற்றுக்கொண்டதுதான் வேடிக்கை. அரண்மனை ஆட்களைச் சரிக்கட்டச் சிரில் தரப்பு அனுப்பிய கம்பளம், தந்த நாற்காலி, தங்கம் ஆகியவற்றின் பட்டியல் இன்றும் இருக்கிறது. கடைசியில் 433-இல் சிரிலும் யோவானும் சமாதானமாகி ஒரு பொது அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து வந்த அந்தச் சமரசம்தான் எபேசுவைக் காப்பாற்றியது என்பேன்.

'அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்று நம் பாட்டிமார் செபமாலையில் சொன்னது அங்கே ஏற்கப்பட்ட பட்டம்தான்.

கல்செதோனுக்குப் பிறகு சபைகள் ஏன் பிரிந்தன?

449-இல் எபேசுவில் இன்னொரு சங்கம் கூடியது. சிரிலுக்குப் பின் வந்த தியோஸ்கோருஸ் தலைமை. படைவீரர்களும் துறவிகளும் உள்ளே புகுந்தார்கள், கான்ஸ்டான்டினோபிள் ஆயர் பிளாவியான் அடிபட்டு, கொஞ்ச நாளில் இறந்தார். போப் லியோ அதைக் 'கொள்ளைக்காரர் கூட்டம்' என்றார், அந்தப் பெயரே நிலைத்தது. அதைத் திருத்தத்தான் 451-இல் கல்செதோனில் (இன்று இஸ்தான்புல்லின் காதிக்கோய்) கூடினார்கள். கிறிஸ்து ஒரே ஆள், இறைத்தன்மை மனிதத்தன்மை என்ற இரண்டு இயல்பிலும் இருப்பவர், அவை ஒன்றோடொன்று கலக்காமலும் பிரியாமலும் இருக்கின்றன என்றது சங்கம்.

எகிப்தியரும் சிரியர் பலரும் இதை ஏற்கவில்லை, அர்மேனியர் பிற்பாடு மறுத்தார்கள். 'இரண்டு இயல்பு' என்பது நெஸ்தோரியுஸைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதாக அவர்களுக்குப் பட்டது. அந்தப் பிளவு இன்றும் இருக்கிறது. ஆனால் 1973-இல் போப் ஆறாம் பவுலும் எகிப்தின் கோப்தியத் திருச்சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும், 1994-இல் போப் இரண்டாம் யோவான் பவுலும் எபேசுவை ஏற்காத அசீரியத் திருச்சபையின் தலைவர் மார் தின்காவும், கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். படித்துப்பார்த்தால் இதற்காகவா 1500 வருடம் பேசாமல் இருந்தோம் என்று தோன்றும். கிரேக்கம் பேசியவர்களும் சிரியாக் பேசியவர்களும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேறு வேறு வழி தேடினார்கள், நடுவில் அரசியலும் அலெக்சாந்திரியா–கான்ஸ்டான்டினோபிள் போட்டியும் புகுந்துகொண்டது.

மொத்தம் எத்தனை பொதுச்சங்கங்கள்?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொள்ளப் பக்கத்துக் கேரளம் போதும். திருச்சூரில் உள்ள கல்தாயச் சுறியானி சபை (அசீரியத் திருச்சபையைச் சேர்ந்தது) 2 என்று சொல்லும், எபேசுவை ஏற்காது. கோட்டயத்தை மையமாகக் கொண்ட மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை 3 என்று சொல்லும், கல்செதோனை ஏற்காது. சீரோ மலபார் கத்தோலிக்கர் ரோமோடு சேர்ந்து 21 என்பார்கள். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் 7 என்று நிறுத்திக்கொள்ளும். அந்த ஏழாவது, 787-இல் அரசி ஐரீன் கூட்டிய இரண்டாம் நீசேயா. திருவுருவங்களுக்கு வணக்கம் செலுத்தலாம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்றது அது. 754-இல் 338 ஆயர்கள் ஹியெரியாவில் கூடி, தங்களையே ஏழாவது பொதுச்சங்கம் என்று சொல்லிக்கொண்டு படங்களைத் தடைசெய்திருந்தார்கள். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

சங்கத்தைக் கூட்டுவது போப் தானே?

இன்றைய கத்தோலிக்கச் சட்டப்படி ஆமாம். ஆனால் முதல் ஏழையும் கூட்டியது பேரரசர்கள். நீசேயாவுக்குப் போப் சில்வெஸ்தர் போகவே இல்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். கல்செதோனில் லியோவின் கடிதத்தை வாசித்ததும் 'லியோ வழியாகப் பேதுரு பேசினார்' என்று ஆயர்கள் முழங்கினார்கள், கத்தோலிக்கர் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அதே ஆயர்கள் கான்ஸ்டான்டினோபிளுக்கு ரோமுக்கு அடுத்த இடம் கொடுத்து ஒரு சட்டமும் போட்டார்கள், லியோ அதை நிராகரித்தார். இதை ஆர்த்தடாக்ஸ்காரர்கள் எடுத்துச் சொல்வார்கள். இரண்டுமே நடந்தவைதான்.

சங்கம் பெரியதா, போப் பெரியவரா?

இந்தக் கேள்வி உச்சத்துக்குப் போனது ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய சங்கத்தில், 1414 முதல் 1418 வரை. அப்போது ஒரே நேரத்தில் மூன்று பேர் நான்தான் போப் என்றார்கள்: ரோமில் ஒருவர், அவிஞ்ஞோன் வரிசையில் ஒருவர், பீசா வரிசையில் ஒருவர். சங்கம் தன் அதிகாரம் நேரடியாகக் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது, போப்பும் கீழ்ப்படியவேண்டும் என்று அறிவித்தது. ஒருவர் விலகினார், இருவர் நீக்கப்பட்டார்கள், 1417-இல் ஐந்தாம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிளவைத் தீர்த்த அதே சங்கம்தான், பாதுகாப்பு உறுதி கொடுத்து வரவழைக்கப்பட்ட செக் நாட்டுக் குரு யான் ஹஸைக் குற்றவாளி என்று தீர்த்து அரசிடம் ஒப்படைத்தது. 1415 ஜூலை 6-ஆம் தேதி அவரை உயிரோடு எரித்தார்கள். கான்ஸ்டன்ஸைப் புகழ்கிறவர்கள் இதை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடக்கூடாது.

1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் எதிர்ப்பக்கம் போனது. விசுவாசம், ஒழுக்கம் பற்றித் தலைமை ஆசனத்திலிருந்து போப் முடிவாக அறிவிப்பதில் தவறு வராது என்று தீர்மானம். 533 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. ஆனால் எதிர்த்து ஓட்டுப்போட மனமில்லாத சுமார் 60 ஆயர்கள் முன்கூட்டியே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

புரொட்டஸ்டண்ட் சபைகள் சங்கங்களை ஏற்கின்றனவா?

1519-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த விவாதத்தில், புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர், சங்கங்களும் தவறலாம் என்றார், ஹஸைச் சுட்டிக்காட்டினார். ஆங்கிலிக்கச் சபையின் 39 விதிகளும் அதையே சொல்கின்றன. வேதத்தோடு ஒத்துப்போனால் ஏற்போம் என்பது அவர்கள் நிலை. ஆகவே முதல் நான்கு சங்கங்களின் போதனையைப் பெரும்பாலும் ஏற்கிறார்கள். 1947-இல் சென்னையில் பிறந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தன் அமைப்புச் சட்டத்திலேயே நீசேயா பிரமாணத்தை வைத்திருக்கிறது. பெந்தெகொஸ்தே நண்பர்கள் பலர் 'எங்களுக்குப் பைபிள் மட்டும் போதும்' என்பார்கள். ஆனால் திரித்துவம் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தும் விதம் அப்படியே 381-இல் தீர்ந்த கணக்கு.

லூதருக்குப் பதில் சொல்லக் கூடிய ட்ரெண்ட் சங்கம் (1545–1563) மிகத் தாமதம். தொடக்க நாளில் சுமார் 30 ஆயர்கள்தான் இருந்தார்கள். அதன் மிகப் பெரிய விளைவு எதுவென்றால் என்னைப் பொறுத்தவரை குருமடங்கள். குருவாகிறவன் முறையாகப் படித்திருக்கவேண்டும் என்பது அதுவரை கட்டாயமாக இருக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் எதை மாற்றியது?

1962 அக்டோபர் 11 முதல் 1965 டிசம்பர் 8 வரை. கூட்டியவர் 23-ஆம் யோவான் (கான்ஸ்டன்ஸில் நீக்கப்பட்ட பீசாக்காரருக்கும் இதே பெயர், இதே எண்!), முடித்தவர் ஆறாம் பவுல். சுமார் 2,500 ஆயர்கள், 16 ஏடுகள். யாரையும் சபிக்கவில்லை, புதுக் கோட்பாடு எதையும் அறிவிக்கவில்லை. அதுவே ஒரு புதுமை.

நம் ஊர்க்காரருக்கு அதிகம் தெரிந்த மாற்றம் பூசை தமிழுக்கு வந்தது. அதற்கு முன்னால் குரு லத்தீனில் சொல்ல, மக்கள் ஒருபக்கம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வழிபாடு பற்றிய ஏடு 2,147-க்கு 4 என்ற வாக்கில் நிறைவேறியது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஏடு லத்தீனை ஒழிக்கச் சொல்லவில்லை, மக்கள் மொழிக்கு இடம் கொடுத்தது. குரு மக்களைப் பார்த்து நிற்கவேண்டும் என்றும் அதில் இல்லை. சங்கம் சொன்னது, சங்கத்தின் பெயரால் நடந்தது என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இன்றைய பாதிச் சண்டை குறையும்.

பிற மதங்கள் பற்றிய 1965-ஆம் ஆண்டு ஏடு இந்து சமயத்தையும் புத்த சமயத்தையும் பெயர் சொல்லி மதிப்போடு பேசுகிறது, அவற்றில் உண்மையும் தூய்மையுமாக இருப்பது எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்கிறது. சமய சுதந்திரத்தை ஏற்ற ஏடும் அதே வருடம்தான். 1054-இல் ரோமும் கான்ஸ்டான்டினோபிளும் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்ட சாபத்தையும், சங்கம் முடிவதற்கு முந்தின நாள், இரு தரப்பும் சேர்ந்து விலக்கின.

ஜெனீவாவில் உள்ள உலகத் திருச்சபைகள் மாமன்றமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய கூட்டமைப்பு, உறுப்புச் சபைகளைக் கட்டுப்படுத்தும் கோட்பாடு எதையும் அறிவிக்க அதற்கு அதிகாரம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை அதில் உறுப்பினரும் அல்ல. ஆனால் நமக்கு அதில் பங்கு உண்டு: அதன் தொடக்க வழிபாட்டில் மறையுரை ஆற்றியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் போதகர் டி.டி. நைல்ஸ். பத்து வருடம் முன்னால், 1938-இல், உலக மிஷனரி மாநாடு நடந்தது தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில்.

இனி எல்லோரும் சேர்ந்த ஒரு பொதுச்சங்கம் வருமா?

எனக்கு நம்பிக்கை குறைவு. 2016-இல் கிரீத் தீவில் ஆர்த்தடாக்ஸ் சபைகள் மட்டும் கூட நினைத்தபோதே ரஷ்யா, பல்கேரியா, ஜார்ஜியா, அந்தியோக்கியா நான்கும் வரவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் தயாரித்த சங்கம் அது.

ஈஸ்டர் தேதி போன்ற சின்ன விஷயத்திலாவது ஒன்றுசேரலாம். எல்லோரும் ஒரே நாளில் கொண்டாடவேண்டும் என்று நீசேயா சொன்னது. கிழக்கு பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்ற, மேற்கு 1582-க்குப் பிறகு கிரகோரியன் நாட்காட்டிக்கு மாற, தேதி பிரிந்துவிட்டது. நீசேயாவின் 1700-ஆம் ஆண்டான 2025-இல் ஏப்ரல் 20 அன்று இரண்டும் தற்செயலாக ஒன்றாக வந்தன. 2028 ஏப்ரல் 16-இலும் அப்படி வரும், அதுவும் இரண்டு நாட்காட்டிகளின் தயவில்தான்.